நாலுக்கு மூணு அண்ணாச்சி

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் உட்காருவார்கள், இல்லையென்றால் தண்ணீர் கேட்பார்கள். அண்ணாச்சி இரண்டும் செய்ய மாட்டார். வாசலில் செருப்பை விடும்போதே அவர் கண் டிவிமேல் போய்விடும். "ரிமோட்டு எங்கன இருக்கு தங்கச்சி?" என்பார்.

திருத்தங்கலில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி அவர் வீடு. என் வீட்டுக்காரர் கட்டிங் மிஷின் ஓட்டுகிற அதே பிரஸ்ஸில் அவர் லேஅவுட் பார்த்தார். காலண்டரிலும் வெடிப்பெட்டி லேபிளிலும் எந்தப் படம் எந்த இடத்தில் எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று அளந்து வைக்கிற வேலை. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார். கல்யாண வீட்டுக்குப் பட்டு வேட்டி கட்டி வந்தாலும் அந்த ஸ்கேல் பையில் இருக்கும்.

பெட்டி மாதிரி இருந்த பழைய டிவி போய் ஒரு தீபாவளிக்கு அகல டிவி வாங்கினோம். சுவரில் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, முதன்முதலில் என் மூத்த மகளின் கல்யாண டிவிடியைப் போட்டோம். தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி மட்டும் எழுந்து டிவி பக்கத்தில் போனார். சீர்த் தாம்பாளம் திரையில் வந்ததும், "நிறுத்துங்க" என்றார். ஸ்கேலை எடுத்துத் தாம்பாளத்துக்குக் குறுக்கே வைத்தார். பிறகு நெடுக்கே வைத்தார்.

"தங்கச்சி, உங்க வீட்டுத் தாம்பாளம் வட்டமா, முட்டையா?"

"வட்டந்தான் அண்ணாச்சி. எங்க அம்மா கொடுத்தது."

"இதுல குறுக்க நாலு அங்குலம் இருக்கு, நெடுக்க மூணுதான் இருக்கு. தட்டுக்கே இந்தக் கதின்னா மனுச முகம் என்ன பாடு படும்? மாப்பிள்ளையைப் பாருங்க, கன்னம் ரெண்டும் வீங்கிப்போயி, அம்மைக்கட்டு வந்த மாதிரி இருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். என் மருமகன் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு பொறுமையாக எனக்கு விளக்கினார். அந்தக் காலத்துக் கேமராவில் எடுத்த படமெல்லாம் நாலுக்கு மூணு அளவு. அகலம் நாலு பங்கு, உயரம் மூணு பங்கு. இப்போது வருகிற டிவி பதினாறுக்கு ஒன்பது. பழைய படம் புது டிவியை நிறைக்க வேண்டுமென்றால் படத்தை அகலத்தில் இழுத்தாக வேண்டும். இழுத்தால் ஆள் குட்டையாகிக் குண்டாகிவிடுவார்.

"எங்க பிரஸ்ல சின்னப் படத்தை நீளப் பேப்பர்ல அடிச்சா ஓரத்துல வெள்ளை விடுவோம்ல, அது மாதிரி டிவில ரெண்டு ஓரமும் கருப்பு விடணும். அம்புட்டுத்தான்."

ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினார். படம் நடுவில் ஒடுங்கி, இரண்டு பக்கமும் கருப்பாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை.

"என்ன அண்ணாச்சி, முழு டிவி வாங்கிட்டு முக்கா டிவி பாக்கச் சொல்றீக?"

"முக்கா டிவிதான். ஆனா உள்ள இருக்கிறது முழு ஆளு."

அவர் படியிறங்கினாரோ இல்லையோ, நான் பழையபடி மாற்றிவிட்டேன். அதன்பிறகு இது வழக்கமாகிவிட்டது. அவர் வருவார், ஒடுக்குவார். போவார், நான் விரிப்பேன். ஜூம் என்று இன்னொன்றும் இருந்தது, அதைப் போட்டால் கருப்பும் வராது, முகமும் வீங்காது. ஆனால் மேலும் கீழும் வெட்டிவிடும். வெள்ளிக்கிழமை லோக்கல் கேபிளில் அம்மன் சப்பரம் காட்டினபோது அப்படிப் போட்டுப் பார்த்தேன். ஆத்தாளுக்குக் கிரீடம் போய்விட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு உடனே மாற்றினேன்.

தெருப்பிள்ளைகள் அவருக்கு 'நாலுக்கு மூணு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் கோபமில்லை. "பேரு சரியாத்தான் வச்சிருக்கானுக" என்பார்.

பிரஸ்ஸிலும் அவர் இப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒருமுறை ஒரு நகைக்கடைக் காலண்டர் ஆர்டர். கடைக்காரர் கொடுத்த முருகன் படம் ஒல்லி, இடமோ அகலம். கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற பெண் மவுஸைப் பிடித்து முருகனை இரண்டு பக்கமும் இழுத்து இடத்தை நிறைத்துவிட்டாள். அண்ணாச்சி பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

"ஏம்மா, முருகன் என்ன ரப்பரா?"

"இடம் காலியா இருக்கே சார்."

"காலியா இருக்கட்டுமே. அவரு நிக்க எம்புட்டு இடம் வேணுமோ அம்புட்டுதான். மிச்சத்துல மலையைப் போடு, மயிலைப் போடு. சாமியை இழுக்காத தாயி."

வெடிக்கட்டு லேபிளில் ஒரு கிளியை இழுத்துவிட்டதற்கு, "இது கிளியில்ல, கோழி. கோழி மார்க்குன்னு பேரை மாத்தச் சொல்லு" என்று அச்சுப் பிளேட்டையே திருப்பி அனுப்பினாராம். சீசன் நேரத்தில் லோடு ஏற வேண்டிய நாளில் முதலாளிக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அண்ணாச்சி பார்த்த படத்தில் குறை சொல்ல ஆளில்லை என்று ஊரெல்லாம் பேர் இருந்ததால் பேசாமல் இருப்பார்.

அவர் வீட்டு பீரோவில் இருந்தது மலிவுக் கண்ணாடி. அதன் எதிரே நின்றால் யாரானாலும் ஒல்லியாகத் தெரிவார்கள். எனக்கு அந்தக் கண்ணாடி ரொம்பப் பிடிக்கும். அவர் அதன்மேல் ஒரு காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி மறைத்துவிட்டார். அவர் மகள் தனம் ஒரு சின்னக் கைக்கண்ணாடியைப் பார்த்துத்தான் தலை சீவுவாள். தனம் எட்டாவது படிக்கும்போது அவள் அம்மா காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அம்மாவின் படமென்று இருந்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த சின்னப் போட்டோ ஒன்றுதான். எல்லோரும் பெரிதாக்கி மாட்டச் சொன்னார்கள். பெரிதாக்கினால் முகம் உடைந்து வேறு யாரோ ஆகிவிடும் என்று, பெரிய சட்டத்தில் சுற்றிலும் வெள்ளை விட்டு நடுவில் அந்தச் சின்னப் போட்டோவை அப்படியே வைத்திருந்தார். கிட்டப் போய்க் குனிந்துதான் பார்க்க வேண்டும். குனிந்து பார்ப்பதும் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றும்.

தனம் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். பி.காம் முடித்துவிட்டு நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் கம்பெனி வேன் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். நல்ல உயரம், ஊதுபத்திக் குச்சி மாதிரி உடம்பு. இடது கன்னத்தில் சின்னதாக ஒரு அம்மைத் தழும்பு. அவள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட வேண்டும் என்பதைத் தவிர அண்ணாச்சிக்கு உலகத்தில் வேறு கேட்பதற்கு ஒன்றுமில்லை. கோவிலில் அவர் கும்பிடும்போது உதடு அசைவதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்படி ஓர் இடத்தைக் கொண்டுவந்தது நான்தான். ஆமத்தூரில் இருக்கிற என் மதினி, என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவர் மகன் விருதுநகரில் பருப்புக் கமிஷன் கடையில் இருந்தான். குணமான பையன். ஜாதகம் பொருந்திவிட்டது. அண்ணாச்சி தனத்தைச் சிவகாசி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் முழு உருவமாக ஒரு போட்டோ எடுத்தார். தழும்பை அழித்துத் தருகிறேன் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னாராம். "அழிச்சீகன்னா அது என் மக இல்ல" என்று இவர் சொல்லிவிட்டாராம். போட்டோவை நான் ஆமத்தூருக்குக் கொடுத்தனுப்பினேன்.

மதினிக்குப் போட்டோ பிடித்திருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் போட்டோவை மட்டும் நம்பி யாரும் பெண் பார்க்கக் கிளம்ப மாட்டார்கள். கிளம்பிப் போய், பலகாரம் சாப்பிட்டு, பெண்ணை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு? அதனால் பெண் எந்தக் கல்யாண வீடியோவிலாவது வந்திருந்தால், அதை மூன்றாவது ஒருவர் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். நடை தெரியும், சிரிப்பு தெரியும். பிடிக்காவிட்டால் பெண்ணுக்கே தெரியாமல் முடிந்துவிடும். என் மகள் கல்யாணத்தில் தனம் சீர்த் தட்டு எடுத்து வந்திருந்தாள். வளர்பிறை வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால், ஒன்பது மணிக்கு வருவதாக மதினி சொன்னார்.

அன்று காலை ஏழு மணிக்கே அண்ணாச்சி வந்துவிட்டார். டிவிடியைப் போட்டு, தனம் வருகிற இடத்தில் நிறுத்தி, ரிமோட்டை அமுக்கி, ஸ்கேலை வைத்துத் தாம்பாளத்தை அளந்தார். குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று.

"தங்கச்சி, நான் போனதும் நீங்க மாத்துவீகன்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு ஒரு நா மட்டும் தொடாதீக."

"ஐயோ, தொடுவேனா அண்ணாச்சி? நம்ம தனம் காரியம்லா."

சத்தியமாக அப்போது தொடக்கூடாது என்றுதான் நினைத்தேன். அவர் பிரஸ்ஸுக்குப் போனார். நான் வீட்டைக் கழுவிவிட்டுக் கோலம் போட்டேன். குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினேன். கும்பிட்டுத் திரும்பினால் எதிரே டிவி. நடுவில் கல்யாணப் படம், இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே கருப்பு. இரண்டு கருப்புத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை அமைகிற நேரத்தில், விளக்குக்கு எதிரே, இப்படியா கருப்பு நிற்பது? நல்ல காரியத்துக்குக் கருப்புச் சேலை கட்டிக்கொண்டு யாராவது வந்தால் வாசலிலேயே முகம் சுளிக்கிற ஜனங்கள் நாங்கள். மதினி எங்களைவிட ஒரு படி மேல். அவர் வந்ததும் முதலில் கண்ணில் படுவது கருப்பாக இருந்தால் காரியம் எப்படிக் கைகூடும்?

அம்மா தாயே என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கினேன். படம் டிவி முழுக்க விரிந்தது. கருப்பு போனதும் மனசு லேசாகிவிட்டது. டிவிக்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன்.

மதினி மடியில் போட்டோவை வைத்துக்கொண்டு பார்த்தார். தனம் தட்டோடு வருகிறாள், குனிந்து வைக்கிறாள், யாரிடமோ சிரிக்கிறாள், புறங்கையால் நெற்றியைத் துடைக்கிறாள். மூன்று தடவை போடச் சொன்னார். போட்டோவைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். எனக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. எத்தனையோ நாளாக அகலமாகவே பார்த்துப் பார்த்து என் கண் அதற்குப் பழகிப்போயிருந்தது. கேசரி சாப்பிட்டார். "சொல்லி அனுப்புறேன்த்தா" என்று கிளம்பினார்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

"ஏத்தா, பொண்ணு கொஞ்சம் குட்டையா, தாட்டியா இருக்கு. அதைக்கூடப் பெருசா எடுத்துக்க மாட்டேன். போட்டோவுல மட்டும் எப்படி ஒடிசலா நெட்டையா இருக்கா? அவுக அப்பா பிரஸ்ல படம் பாக்குறவருல்ல? கம்ப்யூட்டர்ல போட்டு இழுத்திருக்காரு."

"ஐயோ மதினி, அவரு அப்படிப்பட்ட ஆளில்ல. நேர்ல ஒரு தடவ பாத்துருங்க."

"போட்டோவுலயே பொய் சொல்றவுக வேற எதுல உண்மை சொல்லப்போறாக? விட்டுரு."

போனை வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. நான் செய்த வேலை. உடனே திருப்பிக் கூப்பிட்டு, டிவியை நான்தான் இழுத்துவைத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிஷப் பேச்சு. அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடுமே, இன்னிக்கு ஒரு நாள் தொடாதீக என்று கேட்டாரே என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

அதற்குள் பேச்சு எனக்கு முன்னால் ஊருக்குள் வந்துவிட்டது. ஆமத்தூரிலிருந்து பிரஸ்ஸுக்கு வேலைக்கு வருகிறவர்கள் இல்லாமலா? "சாமி படத்தை இழுக்க விடாதவரு, மக படத்தை இழுத்துட்டாராம்லே" என்று பைண்டிங் பகுதியில் ஒருவன் சொல்லிச் சிரித்திருக்கிறான். என் வீட்டுக்காரர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அதற்கு இன்னொருவர், "ஏன்யா கோவப்படுறீரு? பெத்த பிள்ளைன்னு வந்தா யாருதான் இழுக்க மாட்டாக?" என்றாராம். நியாயம் மாதிரியே இருக்கிற பேச்சு. அதற்கு மேல் யாரும் அண்ணாச்சிக்காகப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அவர் எங்கள் தெருமுனையில் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் போட்டோ. ஓடிப்போய் ரிமோட்டை எடுத்து, அவர் வைத்த மாதிரியே நாலுக்கு மூணு ஆக்கினேன்.

வந்ததும் டிவிடியைப் போடச் சொன்னார். தனம் தட்டோடு நிமிர்கிற இடத்தில் நிறுத்தினார். திரையில் அவள் முகத்தை அளந்தார், பிறகு போட்டோவில் அளந்தார். தோளை அளந்தார். திரும்பத் திரும்ப அளந்தார்.

"ரெண்டுலயும் கணக்கு ஒண்ணாத்தான தங்கச்சி வருது. பிறகு ஏன் அப்படிச் சொன்னாக?"

நான் விளக்குத் திரியைத் தூண்டுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"அவுக பாக்கும்போது படம் எப்படி இருந்துச்சு? இப்படித்தான இருந்துச்சு?"

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் உடைத்துச் சொல்லியிருப்பேன். குழந்தை கேட்பது மாதிரி கேட்டார்.

"நீங்க வச்சிட்டுப் போன மாதிரியேதான் இருந்துச்சு அண்ணாச்சி" என்றேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ என் கண்ணுலதான் கோளாறு. அளவு சரியா இருந்தும் ஊர்க் கண்ணுக்குப் பிள்ளை வேற மாதிரி தெரியிறான்னா, எனக்குத்தான் இத்தனை நாளா தப்பாத் தெரிஞ்சிருக்கு. பெத்தவன் கண்ணுல்ல."

"அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி."

"இல்ல தங்கச்சி. எல்லாரும் சொல்றாகல்ல."

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டில் ரிமோட்டைத் தொட்டதில்லை. அடுத்த காலண்டர் சீசனில் ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன். ஜவுளிக்கடை ஆர்டராம். அம்மன் படம் இடத்துக்குப் போதவில்லையாம். இழுக்கட்டுமா சார் என்று டிசைன் போடுகிற பெண் பயந்துகொண்டே கேட்டிருக்கிறாள். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல், "இழுத்துக்கோ" என்றாராம்.

அந்தக் காலண்டர் எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஒரு வருஷம் முழுக்கத் தினமும் காலையில் அந்த விரிந்த முகத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன்.

தனத்துக்கு இன்னும் இரண்டு இடம் வந்தது. ஒன்று விசாரிக்கும்போதே நின்றுவிட்டது. இன்னொன்று சாத்தூர். அவர்கள் போட்டோ வேண்டாமென்று நேரிலேயே வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று பூவும் வைத்துவிட்டுப் போனார்கள். நான் அன்று அழுது கும்பிட்டேன். ஒரு வாரத்தில் அவர்கள் காதிலும் யாரோ ஓதிவிட்டார்கள். பெண்ணைக் குறை சொல்லவில்லை. அப்பாவைப் பற்றி ஒரு மாதிரி கேள்விப்பட்டோம் என்றார்கள். தனம் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். குட்டை, தாட்டி என்று சொன்னது எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது. கம்பெனியில் மயங்கி விழுந்து, வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். "ஏன்டி இப்படிப் பட்டினி கிடக்க?" என்று கேட்டேன். "பசிக்கல அத்தை" என்றாள்.

நாலு வருஷம் கழித்து ஆமத்தூருக்குப் போனேன். மதினி மகனுக்குக் கல்யாணமாகிப் பேரனும் பிறந்திருந்தான். இனிமேல் ஒன்றும் திரும்பி வராதுதான். ஆனால் பேச்சைக் கிளப்பியவரே மாற்றிச் சொன்னால் ஊர் கேட்கும் என்று நினைத்தேன். டிவிடியை எடுத்துப் போயிருந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"டிவில வச்சா ஆளு எப்படித்தா குண்டாகும்?" என்று மதினி சிரித்தார்.

அவர் வீட்டு டிவியில் போட்டு, பொத்தானை மாற்றி மாற்றி அமுக்கிக் காட்டினேன். "இது இழுத்தது. இது சரியானது. பாருங்க மதினி, தாம்பாளத்தைப் பாருங்க. இப்போ முட்டை, இப்போ வட்டம்."

மதினி கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. ஓரத்துல கருப்பு வருது, அதுதான் வித்தியாசம். அதை மாத்து முதல்ல, வீட்டுல பச்சப்பிள்ளை இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. என்னைப் போலத்தான் அவரும். நான் கருப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, பஸ் ஏறி வந்தேன்.

பிறகு இரண்டு வருஷம் போயிற்று. அண்ணாச்சி வேலையிலிருந்து நின்றுவிட்டார். கண்ணில் புரை வந்து ஆபரேஷன் ஆனது. நெஞ்சு வலியும் வந்து வந்து போனது. அந்த வருஷம் அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்கு என் சின்ன மகள் பிரசவத்துக்காக அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். காப்புக் கட்டி, மஞ்சள் சேலை உடுத்தி, விரதமிருந்தேன். காப்புக் கட்டின கையோடு பொய் வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். ஐந்தாம் நாள் எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தார். தனம் அடுப்படியில் இருந்தாள். அன்று கம்பெனி லீவு. நான் தரையில் உட்கார்ந்து, அந்த வெள்ளிக்கிழமை காலையில் நடந்ததை எல்லாம் சொன்னேன். கருப்பைப் பார்த்துப் பயந்தது, மாற்றியது, அவர் கேட்டபோது பொய் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். திட்டுவார், போ வெளியே என்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் காலை மெதுவாக இழுத்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை.

"அப்போ போட்டோ சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி."

"என் கண்ணு தப்பில்லயா?"

"இல்ல அண்ணாச்சி."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் வெகுநாளாகக் கேட்டதில்லை.

"ஏத்தா தனம்! அந்தப் போட்டோ சரிதானாம்த்தா!"

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"எந்தப் போட்டோப்பா?" என்றாள் தனம்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். உள்ளே மறுபடியும் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து வந்தேன்.

ஆடி மாதம் அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். தனம் அதே வீட்டில்தான் இருக்கிறாள், அதே வேனில்தான் போய் வருகிறாள். என்னை இப்போதும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள்.

அந்தப் பங்குனியில் நான் அக்கினிச்சட்டி எடுத்தேன். ஆயிரங்கண் உடைய ஆத்தாள் முன்னால் மூன்று சுற்றுச் சுற்றி இறக்கிவைத்தேன். இறக்கியதும் பக்கத்திலிருந்த பெண்கள் என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்து, ஒரு கொப்புளம்கூட இல்லை, ஆத்தா ஏற்றுக்கொண்டாள் என்று குலவை போட்டார்கள். சுட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.